முக்கால் அங்குலம்

அண்ணி வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் பஸ்ஸில். துணிப்பையில் இரண்டு மாற்றுத்துணி, துண்டில் சுற்றிய ரசமட்டம், சாந்துக் கரண்டி, நூல்கண்டு, தூக்குக்குண்டு. கையில் ஆறடி நீளத்துக்கு ஒரு மரக்குச்சி. துணி எடுத்து வைக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. தூக்குக்குண்டின் கயிற்றைச் சிக்கெடுத்துச் சுற்றத்தான் கால் மணி நேரம் ஆனது. அண்ணன் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை. தூங்குகிறவனின் காது அப்படிச் சிவந்திருக்காது.

பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். வழியெல்லாம் அண்ணி எனக்கு முன்னால் பத்தடி நடப்பாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். பஸ் வந்ததும் கண்டக்டர் குச்சியைப் பார்த்தார்.

"என்னம்மா, காலங்காத்தால யாரை அடிக்கக் கிளம்பிட்டீங்க?"

"அடிக்க இல்லங்க. அளவுக் குச்சி."

"சீட்டுக்குக் கீழ போகாது. மேல வெச்சா எவன் மண்டையிலயாவது விழும். இதுக்குன்னு தனியா ஒரு டிக்கெட் வாங்கறீங்களா?"

அண்ணி குச்சியை என் கையில் திணித்தாள். "பிடி நாத்தனாரே. உங்க அண்ணன்கிட்ட கொடுத்துடு." படியில் ஏறினாள். இறங்கினாள். "இல்ல, கொடுக்காத. கதவுக்குப் பின்னாடி வை. அவரே பார்க்கட்டும்." மறுபடி ஏறினாள். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலில் தலை தெரிந்தது. "ஆணியில தொங்கவிடு! சாய்ச்சு வெச்சா வளைஞ்சிடும்!"

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சண்டை போட்டாங்களா?"

"இல்லம்மா."

"சண்டையே போடாம எவளாவது வீட்டை விட்டுப் போவாளா? என்னதான் நடந்துச்சு?"

"சுவரும்மா."

"எந்தச் சுவர்?"

எப்படிச் சொல்வது? அதற்கு முந்தைய வியாழக்கிழமை அண்ணி தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டடத்தின் மூலையைக் கட்டினாள். அதே வியாழக்கிழமை சாயங்காலம் அதை இடித்தார்கள். அந்த மூலை சரியாகத்தான் இருந்தது என்று அண்ணன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் அவள் இல்லாமலே போயிருக்கும்.

அண்ணியை வேலையிடத்தில் 'அரைநிமிஷம்' என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம்" என்பாள், கேட்டவர் வாயை மூடுவதற்குள் வேலை முடிந்திருக்கும். உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. உட்கார்ந்தாலும் கை சும்மா இருக்காது. மேசையில் இருக்கிற டம்ளரை நகர்த்தி விளிம்புக்கு நேராக வைப்பாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன் அறையின் மூலையில் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பாள். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். அம்மா டீயோடு வருகிறாள், இவள் மூலையில் கையை வைத்துக்கொண்டு, "இந்தச் சுவரை யாரு கட்டினது? மேலே போகப்போக வெளிய சாயுதே" என்கிறாள். கட்டினது அண்ணன். அம்மாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அண்ணன்தான் சிரித்தான். "பதினெட்டு வயசுல கட்டினது. அப்போ ஆளே கொஞ்சம் சாஞ்சுதான் இருந்தேன்."

அவர்கள் சந்தித்தது ஒரு நாலு மாடிக் கட்டடத்தில். கட்டட வேலையில் ஆட்கள் இரண்டே வகை: சித்தாள், பெரியாள். இதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. ஐம்பத்தைந்து வயதில் சாந்து குழைக்கும் கலவைக்காரம்மாவும் சித்தாள்தான். நேற்று மீசை முளைத்தவன் கரண்டியைப் பிடித்துவிட்டால் அவன் பெரியாள். அண்ணன் பெரியாள். அண்ணி அவனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாள். சிமெண்ட் கல்லில், அந்த உள்ளே கூடாக இருக்கும் கல்லில், ஒரு பக்கத்துச் சுவர் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருக்கும். தடித்த பக்கம் மேலே வர வேண்டும். அப்போதுதான் அடுத்த வரிசைக்குக் கலவை நிற்கும். எல்லோரும் கல்லை வந்தபடி நீட்டுவார்கள், கொத்தனார் கையில் வாங்கிப் புரட்டி வைப்பார். அண்ணி கொடுத்த கல் ஒன்றையும் அண்ணன் புரட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அவனுக்கே அது உறைத்ததாம். "என்னடா, இன்னிக்குக் கை வலிக்கலையேன்னு பார்த்தேன்" என்பான். அண்ணன் சொன்ன காதல் கதை மொத்தமும் இவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவனோடு அவன் போகும் வேலைக்கெல்லாம் போனாள். இரண்டு வருடத்தில் கரண்டி பிடிக்கவும் விட்டார்கள், ஆனால் நடுச்சுவர் மட்டும். சுவர் எழுப்பும்போது முதலில் இரண்டு கோடியிலும் மூலையைத்தான் கட்டுவார்கள். ஐந்தாறு வரிசை உயரத்துக்கு, ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிட அரைக் கல் உள்ளே வாங்கி, படிக்கட்டு மாதிரி. பிறகு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நூலை இழுத்துக் கட்டுவார்கள். நடுவில் நிற்கிறவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நூல் சொல்கிற இடத்தில் கல்லை வைத்துக்கொண்டே போகலாம். மூலை தப்பினால் நூல் தப்பும், நூல் தப்பினால் சுவர் தப்பும். அதனால் மூலை எப்போதும் மூத்த கொத்தனாருக்கு. அண்ணி இரண்டு வருடம் பிறர் கட்டிய நூலுக்கு அடியில் கல் வைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் உடைந்த கல்லாகப் பதினான்கு சேர்த்து வைத்திருந்தாள். விடிந்ததும் கலவை இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி மூலை கட்டுவாள், கலைப்பாள், கட்டுவாள். ஒரு பக்கம் மூன்றடி அளந்து புள்ளி, மறுபக்கம் நாலடி அளந்து புள்ளி. இரண்டு புள்ளிக்கும் இடையில் குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை செங்கோணம். வராவிட்டால் காலால் ஒரு தட்டு. படி நுனிகளின் மேல் ஒரு பலகையைச் சாய்த்து, எல்லா நுனியும் பலகையைத் தொடுகிறதா என்று தரையில் படுத்துப் பார்ப்பாள். பல் தேய்த்துக்கொண்டே அண்ணன் கேட்பான்.

"என்ன, வீட்டுக்குள்ள வீடா?"

"உங்களைச் சுத்தி மதில் கட்டுறேன். ஓடிப்போயிடக் கூடாதுல்ல."

அந்தக் குச்சியும் அப்போது செய்ததுதான். கல்லும் அதன் அடியில் இருக்கும் கலவையும் சேர்ந்து எட்டு அங்குலம். எட்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கத்தியால் கீறி ஒன்பது கோடு. ஒவ்வொரு வரிசை வைத்ததும் குச்சியை நிறுத்தினால் கல்லின் தலை கோட்டில் வந்து நிற்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை நானும் வேலையிடத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் அண்ணனின் கையெழுத்து வேண்டியிருந்தது. எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாத காலம் அது. காலையில் இரண்டாவது கொத்தனார் வரவில்லை. மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன் சுவர் வர வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறடிச் சுவர், இரண்டு மூலை, ஒரு கொத்தனார்.

"இருக்காளே ஒருத்தி, கை அரிச்சுக்கிட்டு" என்றாள் கலவைக்காரம்மா, மண்வெட்டியை நிறுத்தாமல்.

"அரைநிமிஷமா? மூலைன்னா என்ன, துணி மடிக்கிற வேலையா?"

"துணியும் நான் மடிச்சா நேராத்தான் இருக்கும் மேஸ்திரி" என்றாள் அண்ணி.

மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிராமலே, "அவ செய்வா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அண்ணி என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு ஓடினாள். சாயங்காலம் வரை அந்த இடம் வலித்தது.

தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் முதலில் இரண்டு மூலைக்கும் ஒரே மட்டத்தில் குறி போட வேண்டும். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை அண்ணி பிடித்தாள், மறு முனையை அண்ணன் பிடித்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அந்த உயரத்தில் இரண்டு பக்கமும் முளைக்குச்சியில் கோடு கிழித்துக்கொள்வார்கள். அண்ணன் குழாயைத் தூக்கிக்கொண்டு வரும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருந்தான். நான் தாளை நீட்டினேன்.

"எங்கடி போடணும்?"

"ரெண்டு இடத்துல அண்ணே. இங்க, அப்புறம் பின்பக்கம்."

"என்ன இது, சொத்தை எழுதி வாங்குறியா?"

அந்தக் கோடியிலிருந்து அண்ணி, "தண்ணி நின்னுச்சா?" என்று கத்தினாள். "நின்னுச்சு!" என்று இவன் கத்தினான். ஒரே மூச்சில் முளையில் கோட்டைக் கிழித்துவிட்டு என் பேனாவை வாங்கினான். கட்டைவிரல் இன்னும் குழாயின் வாயில்தான் இருந்தது. நான் பார்த்தேன். குழாயை அப்படித்தான் பிடிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். போகலாம் என்று எழுந்தால் அண்ணி, "இரு, இந்த வரிசை முடியட்டும்" என்பாள். கலவையை நீளமாக இழுத்துப் பரப்பி, நடுவில் கரண்டி நுனியால் ஒரு வாய்க்கால் கீறி, கல்லை இறக்குவாள். கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு. ரசமட்டம் நீளத்தில், ரசமட்டம் அகலத்தில், பிறகு செங்குத்தாக. மூலைமட்டத்தை உள்பக்கம் அணைத்து ஒரு பார்வை. குச்சியை நிறுத்தி ஒரு பார்வை. பிதுங்கிய கலவையை ஒரே வீச்சில் வழித்துச் சட்டிக்குள் எறிவாள். எறிந்த கை திரும்புவதற்குள் கால் அடுத்த கல்லுக்குப் போயிருக்கும். ஐந்தாவது வரிசையை வைத்துவிட்டு மூன்றடி தள்ளி வந்து நின்றாள். தூக்குக்குண்டு மூலையை ஒட்டி அசையாமல் தொங்கியது. அவளும் அசையாமல் நின்றாள். அரை நிமிஷம் இருக்கும்.

மூன்று மணிக்கு நூலைக் கட்டினார்கள். நடுச்சுவரில் நாலு கல் வைத்ததுமே மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. நூலின் ஒரு முனை உயரம், மறு முனை தாழ்வு. டேப்பை வைத்துக் கணக்குப் பண்ணினார்கள். முக்கால் அங்குலம்.

"அரைநிமிஷம் மூலை ஏறிப்போச்சு" என்றார் மேஸ்திரி.

"எப்படிச் சொல்றீங்க? அந்த மூலை இறங்கியிருக்கலாம்ல?" என்றாள் அண்ணி.

"இருபது வருஷமா மூலை கட்டுறவன் இறக்கிட்டான், காலையில கட்ட ஆரம்பிச்சவ சரியாக் கட்டிட்டா. நல்லா இருக்கே கதை!"

"குழாயைக் கொண்டாங்க. மறுபடி பிடிச்சுப் பார்த்துடலாம். அரை நிமிஷ வேலை."

"கலவை காயுதும்மா. வீட்டுக்காரர் அஞ்சு மணிக்கு வர்றாரு. பிரிச்சுடு, உன் புருஷனே கட்டட்டும்."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். காலையில் "அவ செய்வா" என்று சொன்ன அதே ஆள். அவன் நூலைப் பார்த்தான், மேஸ்திரியைப் பார்த்தான். "எடுத்துடலாம். நான் கட்டிடறேன்" என்றான். அவள் கட்டிய ஐந்து வரிசையையும் அவளே பிரித்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கலவையைச் சுரண்டி, தடித்த பக்கம் மேலே வருமாறு அவன் கைக்கே கொடுத்தாள்.

இது வரைக்கும் பொறுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். திங்கட்கிழமை சுவர் ஜன்னலுக்கு மேல் ஏறி, குறுக்கே லிண்டல் வரும் உயரத்துக்கு வந்தது. அண்ணன் மறுபடி குழாயைப் பிடித்தான், இந்தத் தடவை கலவைக்காரம்மாவோடு. பக்கச் சுவர், பின் சுவர் எல்லாம் ஒரு மட்டம். முன் சுவர் மட்டும் முக்கால் அங்குலம் தாழ்வு. சுவர் முழுக்க அவன் மூலைக்கு ஏற்றபடி வந்திருந்தது. அவன் கடைசி வரிசைக்கு மேல் இரண்டு விரல் கனத்துக்குக் கலவையை வைத்துத் தேய்த்து உயர்த்திவிட்டான். பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணி கேட்டாள்.

"லிண்டலுக்குக் கீழ கலவை அவ்ளோ கனமா இருக்கே, ஏங்க?"

"கல்லு சின்னதா வந்துடுச்சு."

"எந்தக் கல்லு?"

"இந்த லோடு."

"இந்த லோடுல இருவது கல்லை நான் குச்சி வெச்சுப் பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு."

அண்ணன் எழுந்து கை கழுவினான். வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்து கை கழுவினான். அம்மா, "சோத்தைப் போட்டுட்டு இதென்ன கல்லு கல்லுன்னு" என்றாள். அண்ணி தட்டைத் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். என்கிட்ட சொன்னாப் போதும். என் மூலை சரியா இருந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க." அண்ணன் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். அண்ணி அதை நகர்த்தி நேராக வைக்கவில்லை. அப்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

விடிந்தால் செவ்வாய்.

நாலு மாதம் கழித்து எனக்கும் கிளம்பும் நாள் வந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் அண்ணி இருந்த ஊருக்குப் போனேன். ஆறு மணி நேரப் பயணம். வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனை. மறுபடி சித்தாளாகச் சேர்ந்து, மூன்றே வாரத்தில் யாரோ விடுப்பு எடுத்த இடத்தில் நுழைந்து, இப்போது மூலை இவளுடையது. முழுக்கைச் சட்டையும் தலையில் தொப்பியுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? அரை நிமிஷம்!" என்றவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள்.

வந்தும் உட்காரவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். "இங்க ஆறு இஞ்ச் கல்லு. எட்டு இஞ்சுன்னா மூலையில தானா அரைக் கல் கணக்கு வந்துடும். இதுல வராது. ரெண்டு இஞ்ச் இடிக்கும். எல்லாரும் கலவையை வெச்சு ஒப்பேத்துறாங்க. நான் மூலைக் கல்லுக்குப் பக்கத்துல ரெண்டு இஞ்ச் துண்டு வெட்டி வைக்கிறேன். பாரு, இணைப்பு ஒன்னு மேல ஒன்னு வருதா? வராது." அவள் பேசுவதைக் கேட்டபடி பக்கத்தில் ஒருத்தி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி ஒரு சத்தம் போட்டாள்.

"கட்டைவிரலை எடு! மூடி வெச்சா தண்ணி எப்படி நகரும்? எடுத்துட்டு அப்புறம் கோட்டைப் போடு!"

எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. பேனா, தாள், பின்பக்கம் இன்னொரு கையெழுத்து, குழாயின் வாயில் அழுந்தி வெளுத்திருந்த கட்டைவிரல்.

"அண்ணி," என்றேன். "அன்னிக்கு அண்ணன் விரலை எடுக்கல."

சொல்லி முடித்தேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். உண்மையாகவே உட்கார்ந்தாள்.

"ஆக, உன் கையெழுத்துலதான் போச்சா என் மூலை?"

"அண்ணி..."

"அழாத. மூக்கைத் துடை." சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "விரலை எடுக்க மறக்கிறது பெரிய விஷயமில்லடி. நானே ரெண்டு தடவை மறந்திருக்கேன். தெரிஞ்சதுக்கு அப்புறம் கலவையை வெச்சு மூடினாரு பாரு. அதுதான் எனக்கு ஆறல."

"நான் அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"நீ சொன்னா அது உன் வார்த்தை. எனக்கு அவர் வார்த்தை வேணும்." எழுந்துவிட்டாள். "வாயைத் திறக்காம ஊரைச் சுத்திட்டு வா."

சுற்றினேன். நாலு வருடம், ஐந்து நாடு, ஒன்பது வாடகை அறை. எந்த அறைக்குப் போனாலும் பெட்டியை வைக்கும் முன் கை மூலைக்குள் போனது. அண்ணனோடு வாரம் ஒரு தடவை பேசுவேன். "வேற என்ன அண்ணே?" என்பேன். "வேற ஒன்னும் இல்ல" என்பான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கு நுனி வரை வரும். கடித்துக்கொண்டு வைத்துவிடுவேன்.

திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னால் குச்சி இல்லை. வெறும் ஆணி மட்டும் இருந்தது. சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்தான், தோளில் குச்சியோடு. கீறல்களில் சிமெண்ட் ஏறி வெள்ளையாகியிருந்தது. ஆணியில் மாட்டினான். தலையில் நரை. அம்மா என் காதில், "தினம் எடுத்துட்டுப் போறான், தினம் கொண்டாந்து மாட்டறான். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி" என்றாள்.

நான் வந்து இரண்டாவது மாதம். அதே வீட்டுக்காரர் மேலே ஒரு மாடி எழுப்ப ஆசைப்பட்டார். ஆள் பழைய ஆட்கள்தான், மேஸ்திரி மட்டும் புதியவர். பாரம் தாங்குமா என்று பார்க்க முன் சுவரில் பூச்சை உரித்தார்கள். நடந்ததைச் சொன்னது கலவைக்காரம்மா. சொல்வதற்கென்றே எங்கள் வீடு வரை வேகாத வெயிலில் வந்தாள்.

"பூச்சு போனதும் புது மேஸ்திரி ஒரே கத்து. 'லிண்டலுக்குக் கீழ என்னய்யா இது, கேக்குக்கு க்ரீம் வெச்ச மாதிரி? எந்தப் புண்ணியவான் கட்டினது?'ன்னாரு. எல்லாரும் கம்முனு இருக்கோம். எனக்குத் தெரியும், நான்தானே அன்னிக்குக் குழாய் பிடிச்சேன். நானும் வாயைத் திறக்கல, அது என் தப்பு. உங்க அண்ணன் சாரத்துலேருந்து இறங்கினான். 'நான்தான்'னான். 'மட்டம் பார்க்கும்போது விரலை எடுக்கல. என் மூலை இறங்கிடுச்சு. அந்த மூலையை என் வீட்டுக்காரி கட்டியிருந்தா. அது சரியா இருந்துச்சு. சரியா இருந்ததை இடிச்சுட்டு, தப்பா இருந்ததை வெச்சுக்கிட்டோம்.' எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னான் பாப்பா. மேஸ்திரிக்கு ஒன்னும் புரியல. 'சரி சரி, வேலையைப் பாருங்க'ன்னுட்டாரு."

அன்று அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். போனை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தான். முரட்டு விரல்கள். ஒரு எழுத்தைத் தொட்டால் இரண்டு எழுத்து விழுகிறது. அழித்தான், அடித்தான், அழித்தான்.

"நான் அடிச்சுத் தரட்டுமா அண்ணே?"

"வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து, "முக்காலுக்கு நடுவுல புள்ளி வெச்ச க வருமா?"

"வரும்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்பும் முன் என்னிடம் நீட்டினான், பிழை பார்க்க. "முன் சுவர்ல உன் மூலை சரி. என் மூலைதான் முக்கால் இஞ்ச் தப்பு. திங்கக்கிழமையே தெரியும். சொல்லாம மூடிட்டேன்." பிழை ஒன்றும் இல்லை. அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் அவள் படித்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. அவ்வளவுதான் வந்தது.

மறுநாளும் பதில் வரவில்லை. அந்த வாரம், அந்த மாதம் வரவில்லை. அண்ணன் போனைச் சாரத்துக்குக் கொண்டு போனான், குளியலறை வாசல் வரை கொண்டு போனான். யாராவது விளம்பரச் செய்தி அனுப்பினால்கூட கரண்டி கையிலிருந்து நழுவியது. எனக்கும் நிலைகொள்ளவில்லை. பெட்டியை எடுத்து மூன்று தடவை அடுக்கினேன், மூன்று தடவையும் பிரித்தேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அண்ணன் தடுத்தான். "நாலு வருஷம் நான் பேசாம இருந்தேன். அவ எவ்ளோ நாள் வேணும்னாலும் இருக்கட்டும்." மழைக்காலம் வந்து போனது. மாடிச்சுவர் எழும்பி, பூசி, வெள்ளை அடித்தாயிற்று.

ஒன்பது மாதம் கழித்து ஒரு மதியம். சார்ஜ் போடச் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணன் அப்போதுதான் தெருமுனை திரும்பியிருந்தான். மேசையில் அது ஒரு தடவை அதிர்ந்தது. படித்துவிட்டு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஓடிக்கொண்டே மறுபடி படித்தேன்.

"புது வேலை எடுத்திருக்கேன், நானே மேஸ்திரி. மனை ஒரே மேடு பள்ளம். தண்ணி மட்டத்துக்கு அந்த முனையைப் பிடிக்க ஆள் இல்ல. சித்தாளா வர இஷ்டம்னா வாங்க, மூலை ரெண்டும் எனக்கு. குச்சியை மறக்காம எடுத்துட்டு வாங்க, கண்டக்டர் கேட்டா அதுக்கும் ஒரு டிக்கெட் வாங்கிடுங்க. தண்ணி நின்னுச்சான்னு நான் கேட்பேன். விரலை எடுத்துட்டு அப்புறம் பதில் சொல்லுங்க."